எங்கள் கூரைக்கு மேல் பச்சை வெளிச்சத்தோடு பறந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வான்வழி நில அளவை செய்யும் நிறுவனத்தாருக்கும், அந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கும் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, உங்கள் விமானம் ஒன்று எங்கள் குடியிருப்புக்கு மேல் 14 முறை போய் வந்தது. முதல் மூன்று முறை எண்ணத் தோன்றவில்லை. நான்காவதிலிருந்து எண்ணியவன் நான். முதல் மூன்றுக்கு எதிர்வீட்டுப் பெரியவர் சாட்சி. தூக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர், அவர் கணக்கு தப்பாது.

பறந்ததற்காகச் சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. குடியிருப்பை ஒட்டி ஓடும் ஆற்றின் அடித்தரையை அளக்க வந்தீர்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அளக்க வேண்டியதுதான். வெள்ளம் எந்தத் தெரு வரை ஏறும் என்று கணக்குப் போட, ஆற்றின் ஆழம் தெரிந்தாக வேண்டும். அந்தக் கணக்கில் முதலில் நனையப்போவது எங்கள் தெருதான். என் குறை ஒன்றே ஒன்று: வருவதாக எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்குப் போய் மடலா என்று கேட்பீர்கள். அன்றிரவு என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்பு சத்தம் கேட்டது. பயணிகள் விமானம் போகிற சத்தம் எங்களுக்குப் பழக்கம், அது எங்கோ மேலே உருண்டு போய்விடும். இது தையல் மெஷினைக் கூரை மேல் வைத்து யாரோ ஓட்டுவது மாதிரி இருந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால், வடக்கே வானத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்றுதான் இன்றைக்கும் தெருவில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். நம்மை நோக்கி நேராக வரும் விமானத்தின் முன்விளக்கு இடமும் வலமும் நகராது, அதனால் நிற்பது போலவே தெரியும், பெரிதாகிக்கொண்டே வரும் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வெளிச்சம் நிற்கிறது, வளர்கிறது, அதன் வயிற்றிலிருந்து பச்சையாக ஏதோ அடிக்கிறது என்பதுதான்.

விமானத்தின் வலது இறக்கை நுனியில் பச்சை விளக்கு, இடது நுனியில் சிவப்பு, வாலில் வெள்ளை. இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் இந்தப் பச்சை அந்தப் பச்சை இல்லை. இறக்கை விளக்கு சும்மா எரிந்துகொண்டிருக்கும். இது படபடவென்று விட்டு விட்டு வெட்டியது. மெல்லிய பனிமூட்டம் வேறு இருந்ததா, பச்சை நூல்களைச் சுற்றிச் சுற்றிக் கட்டின ஒரு கூம்பு விமானத்திலிருந்து கீழே தொங்குகிற மாதிரி தெரிந்தது. அது எங்கள் தலைக்கு நேர் மேலே வந்ததும் பச்சை பட்டென்று அணைந்தது. தாண்டிப் போனதும் மறுபடி மினுக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு நேர் மேலாகப் போன ஒவ்வொரு முறையும் இதே கதை.

“நம்மைப் பார்க்கிறதுக்காகத்தான் விளக்கை அணைக்கிறான்” என்றார் ஒருவர். அந்த வார்த்தை தெருவில் விழுந்த பிறகு யார் வீட்டிலும் யாரும் உள்ளே இருக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்குப் பச்சையாக வந்தது. ஏதோ மருந்து தெளிக்கிறார்கள் என்று ஓர் அம்மா வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியை மூடச் சொன்னார். ஆளில்லாத வீடுகளைத் திருடர்கள் மேலிருந்து நோட்டம் பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். இதற்கு விமானம் வாடகைக்கு எடுக்கிற திருடன் எங்களிடம் திருட என்ன இருக்கிறது என்று யோசிக்க அப்போது யாருக்கும் நிதானம் இல்லை. வேற்றுக்கிரகம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் எல்லாரும் அதை நினைத்துக்கொண்டுதான் எடுத்தார்கள் என்பது மறுநாள் அந்தப் படங்கள் என்ன தலைப்போடு சுற்றின என்பதிலிருந்து தெரிந்தது.

சிரிக்கலாம், சிரியுங்கள். அடுத்த இரண்டு விஷயத்துக்குச் சிரிக்க முடியாது.

முதல் விஷயம். தெருமுனையில் நாலைந்து பையன்கள் கூடி நின்றார்கள். அதில் ஒருவன் கையில் லேசர் பேனா. எட்டாவது தடவை விமானம் வந்தபோது, “அது நமக்கு அடிக்குது, நாமும் அதுக்கு அடிப்போம்” என்று அவன் அதை மேலே நீட்டிவிட்டான். இரவில் பறக்கும் விமானிக்கு எதிரே வரும் லேசர் ஒளி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விமானி அறையின் கண்ணாடியில் பட்டுச் சிதறினால் ஒரு நொடிக்கு எல்லாமே வெளிச்சமாகிவிடும், இருட்டுக்குப் பழகிய கண் பழைய நிலைக்கு வரப் பல நிமிடங்கள் ஆகும். பல நாடுகளில் இது சிறைத்தண்டனை வரை போகும் குற்றம். பையனுக்கு அது தெரியாது. அவன் கெட்டவனும் இல்லை. மேலே போவது யார், எதற்குப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அவன் கையசைத்திருப்பான். நல்லவேளை, பெரியவர் எழுந்து போய் அதைப் பிடுங்கிவிட்டார். உங்கள் விமானியின் கண்ணில் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது விஷயம் என் வீட்டில் நடந்தது. என் மகளுக்கு வயது பதினொன்று. பறவை பார்க்கிற பழக்கத்தில் வாங்கின பைனாகுலர் ஒன்று வீட்டில் இருக்கிறது, 7-க்கு 50 என்று மேலே எழுதியிருக்கும். “அதுல பார்த்தா நல்லா தெரியும்ல அப்பா?” என்றாள். தெரியுமே என்று உள்ளே போய் எடுத்துவந்து, உறையைக் கழற்றி, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, கழுத்தில் மாட்டிவிட்டவன் நான்தான். பத்தாவது தடவை விமானம் வந்தபோது அவள் அந்தப் பச்சையை நேராகப் பார்த்தாள். “ஐயோ, கண்ணு கூசுது” என்று கீழே இறக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு புள்ளி தெரிகிறது என்றாள்.

நான் செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கு மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது. அந்த மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன்.

காலையில் முதல் வேலையாகத் தொலைபேசியில் உட்கார்ந்தேன். இரவே காவல் கட்டுப்பாட்டு அறைக்கு நாலு பேர் பேசியிருந்தார்கள். தகவல் எதுவும் இல்லை, பார்க்கிறோம் என்ற பதில். விமானப் போக்குவரத்தைக் கவனிக்கிறவர்கள், அனுமதி பெற்ற விமானம்தான் என்பது வரை சொன்னார்கள், யாருடையது என்று சொல்லவில்லை. இன்னொரு அலுவலகம், எழுத்தில் கேளுங்கள் என்றது. கடைசியில் உதவியது விமானங்களின் தடத்தை வரைபடத்தில் காட்டும் ஓர் இணையதளம். இன்றைக்குப் பெரும்பாலான விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் தாமாகவே வானொலி அலையில் சொல்லிக்கொண்டே பறக்கின்றன, அதைக் கேட்டுப் படமாக வரைகிறார்கள். முந்தின இரவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஆற்றை ஒட்டி, மாடு கட்டி உழுத நிலம் மாதிரி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, அடுத்தடுத்து 14 சால்.

பார்த்ததும் பாரம் இறங்கியது. உளவு பார்க்கிறவனும் திருடனும் இவ்வளவு ஒழுங்காகக் கோடு போட மாட்டான். இது அளவுக்காரர்கள் வேலை.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். நீங்கள் செய்யும் வேலையை உங்களுக்கே விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இந்த மடலை எங்கள் தெருக்காரர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் அடியில் இருப்பது லைடார் என்ற கருவி. லேசர் ஒளியைத் துண்டு துண்டாக, ஒரு விநாடிக்குப் பல ஆயிரம், சில கருவிகளில் லட்சக்கணக்கில், கீழே அனுப்பும். ஒளி தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து, அதை ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம் வந்துவிடும். 500 மீட்டர் உயரத்திலிருந்து அனுப்பிய ஒளி, தரையைத் தொட்டுத் திரும்ப ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் மூன்று பங்குக்குச் சற்று அதிக நேரமே எடுக்கும். அந்த நேரத்தில் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் உயரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். அப்படிப்பட்ட கடிகாரத்தை வைத்துக்கொண்டு பறக்கிறீர்கள். 1960 மே மாதம் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவிட்டார். 11 ஆண்டுகளில் அப்பல்லோ 15 நிலவைச் சுற்றிக்கொண்டே லேசரால் அதன் தரையை அளந்தது. இந்தத் தொழில் மீது எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. பெலிஸ் நாட்டுக் காட்டுக்குள் காரகோல் என்ற மாயர் நகரத்தை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் நடந்து நடந்து அளந்தார்கள். 2009-இல் விமானத்தில் லைடார் வைத்துச் சில நாளில் அதைவிடப் பெரிய பரப்பை மரங்களுக்கு அடியிலேயே எட்டிப் பார்த்துவிட்டார்கள். இதெல்லாம் சாதாரண வித்தை இல்லை.

தரையை மட்டும் அளக்கிற கருவிகளில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கின்றன. 1064 நானோமீட்டர் என்ற அலைநீளம் பரவலாகப் புழங்குவது. அது நம் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் அதை வைத்து அளந்திருந்தால் எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். ஆனால் அந்த ஒளி தண்ணீருக்குள் இறங்காது, மேற்பரப்போடு சரி. ஆற்றுக்கு அடியில் போக வேண்டுமென்றால் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 நானோமீட்டர் ஆக்க வேண்டும், அதுதான் பச்சை. நீரின் மேற்பரப்பிலிருந்து ஒரு எதிரொலி, அடித்தரையிலிருந்து இன்னொரு எதிரொலி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஆழம். கலங்கல் நீரில் இது பலிக்காது. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணை விட்டு மறையும் ஆழத்தைப் பார்த்து நீரின் தெளிவைச் சொல்லும் முறையை அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-இல் சோதித்துப் பார்த்தார். இன்றைக்கும் லேசர் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அந்தத் தட்டுக் கணக்கில்தான் பேசுகிறார்கள். ஆகவே ஆறு தெளிந்திருக்கும் நாளாகப் பார்த்து வந்திருக்கிறீர்கள். இரவில் வந்ததற்கும் காரணம் புரிகிறது: சூரிய வெளிச்சத்தின் இடைஞ்சல் இல்லை, வானத்தில் நெரிசல் இல்லை, காற்றும் அடங்கியிருக்கும்.

எங்கள் கெட்ட நேரம், மனிதக் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று தெரியும் நிறங்களில் ஒன்று இந்தப் பச்சை.

தலைக்கு மேல் வந்ததும் அணைந்தது ஏன் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் கருவியில் உள்ள கண்ணாடியோ பட்டகமோ சுழன்று, ஒளியை நேர் கீழே விடாமல் ஒரு சாய்வில் வட்டமாகச் சுற்றி விடுகிறது. எல்லாக் கருவியும் அப்படி இல்லை, சில பக்கவாட்டில் மட்டும் துடைக்கும். ஆனால் நீருக்கு மேல் அளக்கிற பலவற்றில் இந்தச் சாய்வு வட்டம் உண்டு. அதனால் விமானம் வருவதற்கு முன்பே அதன் ஒளி நம்மை ஒரு முறை தொடும், போன பிறகு இன்னொரு முறை தொடும். நேர் மேலே இருக்கும்போது நாம் அந்த வட்டத்தின் நடுவில் இருப்போம், ஒளி நம் மேல் விழாது. யாரும் எதையும் அணைக்கவில்லை. எங்களைப் பார்ப்பதற்காக விளக்கை அணைத்தவர் யாரும் மேலே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை முந்தின நாள் யாராவது எங்களிடம் சொல்லியிருந்தால் தெருவே நிம்மதியாகத் தூங்கியிருக்கும். இல்லை, தூங்கியிருக்க மாட்டோம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், இதோ அணையும் பார், இதோ எரியும் பார் என்று வேடிக்கை காட்டியிருப்போம்.

சரி, பைனாகுலருக்கு வருகிறேன். படித்துக்கொண்டே போனபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது: வெறும் கண்ணால் பார்ப்பதற்குப் பாதுகாப்பான உயரத்தில்தான் பறப்பார்கள், ஆனால் பைனாகுலர், தொலைநோக்கி வழியாகப் பார்க்கக் கூடாது.

காரணம் எளிது. லேசர் கீழே வந்து சேரும்போது அரை மீட்டரிலிருந்து சில மீட்டர் வரை அகன்று விரிந்துவிடும். அதில் கண்ணின் பாவைக்குள் நுழைவது துளியிலும் துளி. கண்ணுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்றே சில கருவிகளில் பச்சை ஒளியை வேண்டுமென்று அகல விரிக்கிறார்கள். ஆனால் இருட்டில் விரிந்த பாவையின் குறுக்களவு ஏழு மில்லிமீட்டர் என்றால், என் பைனாகுலரின் முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்குப் போட்டால் சுமார் 50 மடங்கு. அத்தனை ஒளியையும் அள்ளிக் குவித்து என் மகளின் விழித்திரைக்குள் ஊற்றுவதற்கு நானே கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறேன். பச்சை என்பதால் கூசியது, கூசியதால் இறக்கினாள். நம் கண் பிரகாசத்தைக் கண்டால் கால் விநாடிக்குள் இமையை மூடிக்கொள்ளும். ஆனால் நீரை அளக்கும் கருவிகள் பலவற்றில் பச்சையோடு கூடவே அகச்சிவப்பும் வரும். அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை மூடாது, ஆனாலும் விழித்திரையில் போய்க் குவியும். இதைப் படித்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் ஓடினேன். சொட்டு மருந்து விட்டு, பாவை விரிவதற்குக் காத்திருந்து, விளக்கடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். அந்தக் காத்திருப்பில் அவள் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள், எனக்கு மேலிருந்து இரண்டாவது வரியே மங்கலாகத் தெரிந்தது.

கண்ணுக்குக் கேடு வராத தூரம் எது என்று கணக்குப் போட்டு, அதற்கு மேலே பறந்தீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அதற்கு உலகளாவிய லேசர் பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது, உங்கள் தொழிலில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. உயரத்திலும் தப்பு இல்லை. நெரிசலான குடியிருப்புக்கு மேல், சுற்றிலும் 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான கட்டடத்தைவிட 300 மீட்டராவது மேலே பறக்க வேண்டும் என்பதுதான் பன்னாட்டு விதி. தடத்தில் பார்த்தேன், நீங்கள் அதற்கு மேலேதான் இருந்தீர்கள். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் உங்கள் கணக்கில் கீழே நிற்கிறவனுக்கு இரண்டு வெறும் கண்கள் மட்டுமே இருக்கின்றன. விளங்காத வெளிச்சத்தைக் கண்டால் மனிதன் முதலில் தேடுவது பைனாகுலரைத்தான். நீங்கள் சொல்லாமல் விட்டதால்தான் எங்கள் கை அந்த அலமாரிக்குப் போனது. அறிவிப்பு என்பதை மரியாதைக்குச் செய்யும் காரியமாக நினைக்காதீர்கள், அது உங்கள் பாதுகாப்புக் கணக்கில் விட்டுப்போன ஓர் உறுப்பு.

இன்னொன்று, இது கொஞ்சம் வயிற்றெரிச்சல். இம்மாதிரிப் பறப்புகளுக்கு முன்பு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடம் பேசுகிறீர்கள், தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் பறக்கப்போகும் விமானிகளுக்கு நோட்டாம் என்ற அறிவிப்பு போகிறது. வானத்தில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் தகவல் உண்டு. எந்தக் கோட்டில், எந்த உயரத்தில், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று பல நாள் முன்பே கணினியில் வரைந்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் கூரையின் உயரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதன் கீழே இருக்கிறவர்களிடம் ஒரு செய்தி சொல்ல வழி தெரியவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வானிலையை நம்பி நாள் குறிக்க முடியாது என்பீர்கள். குறிக்க வேண்டாம். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிக்குள் ஓர் இரவு என்றால் போதும். முன்கூட்டிச் சொன்னால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்பீர்கள். சொல்லாமல் விட்டபோது பயப்படாமல் இருந்தோமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நீங்கள் சொல்லாத இடத்தை ஊர் நிரப்பிக்கொள்ளும். அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை புளூ புக் என்ற பெயரில் ஓர் அலுவலகமே வைத்து, வானத்தில் விளங்காத பொருளைப் பார்த்ததாக 1947-இலிருந்து வந்த 12,618 புகார்களைப் புரட்டியது. 701 மட்டும் கடைசி வரை விளங்கவில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை நட்சத்திரம், கோள், பலூன், விமானம் என்று முடிந்தன. எங்கள் தெருப் புகாருக்கு அலுவலகம் எதுவும் வேண்டாம், ஒரு தாள் போதும்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அயர்லாந்தில் டெல்லஸ் என்ற பெயரில் மண்ணின் காந்தப்புலம், இயற்கைக் கதிரியக்கம், மின்கடத்தும் தன்மை ஆகியவற்றை விமானத்திலிருந்து அளந்தார்கள். உங்கள் விமானத்தைவிட மிகத் தாழ்வு: வயல்வெளியில் சுமார் 60 மீட்டர், ஊர்களுக்கு மேல் 240 மீட்டர். குதிரையும் மாடும் மிரளும் என்பதால், அப்படிப்பட்ட விலங்குகளை வளர்க்கிறவர்கள் முன்கூட்டியே கூப்பிடக் கட்டணமில்லாத தொலைபேசி எண் கொடுத்தார்கள். குதிரைக்குக் கிடைத்த மரியாதையை நாங்கள் கேட்பது அதிகமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று நானே எழுதிப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தால் அப்படியே அச்சடித்துக்கொள்வீர்கள் என்ற நப்பாசைதான்.

“வரும் 10 முதல் 20-ஆம் தேதிக்குள் ஓர் இரவு, ஆற்றை அளக்க எங்கள் விமானம் உங்கள் பகுதிக்கு மேல் சுமார் 450 மீட்டர் உயரத்தில் பல முறை வந்து போகும். சத்தம் கேட்கும். அதன் அடியிலிருந்து பச்சை ஒளி மினுக்கும். அது ஆற்றின் ஆழத்தை அளக்கும் லேசர். வெறும் கண்ணில் பட்டால் கேடு இல்லை, இருந்தாலும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். பைனாகுலர், தொலைநோக்கி, பெரிய லென்ஸ் வைத்த கேமரா வழியாகக் கண்டிப்பாகப் பார்க்காதீர்கள். விமானத்தை நோக்கி லேசர் பேனா அடிக்காதீர்கள், உள்ளே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். நாங்கள் பதிவு செய்வது நிலம், நீர், மரம், கட்டடம் ஆகியவற்றின் உயரத்தை மட்டும். ஆள் அடையாளம் இதில் பதியாது. சந்தேகம் இருந்தால் பறக்கும் இரவிலும் இந்த எண்ணில் ஆள் இருப்பார்.”

முடிந்தது, இவ்வளவுதான். நாலு இடத்தில் ஒட்டினால் போதும், குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு பிரதி, காவல் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு பிரதி. கட்டுப்பாட்டு அறையை விட்டுவிடாதீர்கள். எங்கள் பயத்தில் பாதி, அவர்களுக்கும் தெரியவில்லை என்பதால் வந்தது. ஆள் அடையாளம் பதியாது என்ற வரியை மட்டும், உண்மையாக இருந்தால் போடுங்கள். கூடவே உயர்தரக் கேமராவும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கடைசி வரியில் உள்ள எண்ணை எடுக்க நிஜமாகவே ஓர் ஆள் இருக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு மணி அடித்து, “அலுவலக நேரத்தில் தொடர்பு கொள்ளவும்” என்று பெட்டி பேசினால் பழைய நிலைமையே தேவலை.

வேலையை ஒப்படைக்கும் துறையினரே, உங்களுக்குத் தனியாக ஒன்று. ஒப்பந்தத்தில் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும், உயரம் எத்தனை சென்டிமீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். கீழே இருப்பவர்களுக்குத் தகவல் சொல்வது யார் பொறுப்பு என்றும் அதில் ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் நீங்கள் அவர்கள் சொல்வார்கள் என்று இருப்பீர்கள், அவர்கள் நீங்கள் சொல்வீர்கள் என்று இருப்பார்கள். எங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை அவசரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தத் தடத்தை நான் அப்புறமும் சில தடவை பார்த்தேன். ஒன்பதாவது கோடு பாதியில் நின்றுபோயிருக்கிறது. விமானம் ஆற்று வளைவுக்கு முன்பே திரும்பிவிட்டது. மேகம் தாழ்ந்து வந்திருக்கலாம், கருவி மக்கர் செய்திருக்கலாம். எதுவாக இருந்தாலும், அளவில் ஓட்டை விழுந்தால் மறுபடி பறந்து அடைப்பது உங்கள் தொழில் வழக்கம் என்று படித்தேன். அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருப்பவை எங்கள் தெருவின் கடைசி ஆறு வீடுகள். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். லேசர் பேனா வைத்திருக்கும் பையனிடம் நான் பேசிக்கொள்கிறேன். பைனாகுலரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. மகள் மட்டும், அது தலைக்கு மேல் வரும்போது நிஜமாகவே அணைகிறதா என்று வெறும் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து ஒருவன்